மறைவிடத்துத் தேமலும் மருந்துக்கடைக் களிம்பும்

சம்மாந்துறையை அடுத்து, நெல்வயல்கள் சூழ அமைந்திருக்கும் கிராமம் வீரமுனை. அங்கு மாதர் சேமிப்புக் குழுவொன்றின் கூட்டம் முடிந்து நாம் புறப்பட ஆயத்தமானபோது, ஐம்பது வயது மதிக்கத்தக்க தாயொருவர் எம்முடன் வந்திருந்த பெண் பணியாளரை வீட்டின் உட்பக்கம் அழைத்துச் சென்றார். சிறிது நேரத்தில் இருவரும் திரும்பி வந்தனர். தாயின் முகத்தில் கலக்கம் தெரிந்தது. எம்மிடம் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“ஃபாதர், உள்ளதச் சொல்லுங்க. இது பெருவியாதியா?”

இடுப்பின் பின்புறத்திலும் தொடையின் மேற்பகுதியிலும் அவருக்கு வெளிறிய படைகள் இருந்தன. சில உள்ளங்கை அளவானவை. சில அதனிலும் சிறியவை. தோல் சற்று மெலிந்து, நுண்ணிய செதில்களுடன் காணப்பட்டதாகப் பணியாளர் கூறினார். அரிப்பு மிகக் குறைவு, வலி இல்லை. ஏழு ஆண்டுகளாக இருக்கின்றனவாம். களை பிடுங்கவும் அறுவடைக்கும் கூலிக்குப் போகின்றவர் அவர். வேர்வையினால் வந்த தேமல் என்று முதலில் எண்ணினார். மருந்துக்கடையில் விபரத்தைச் சொல்லி ஒரு களிம்பு வாங்கிப் பூசினார். படை மங்கியது. களிம்பு முடிந்தது; படை மீண்டும் வந்தது. வேறொரு கடையில் வேறொரு களிம்பு வாங்கினார். இவ்வாறே ஏழு ஆண்டுகள் கழிந்தன.

அவரது சம்மதத்துடனேயே இதனை எழுதுகின்றோம். ஊரவர் அடையாளம் காணாதிருக்கும் பொருட்டுச் சில விபரங்களை மாற்றியுள்ளோம். எமது பிரதேசத்து மக்கள் அறிந்துகொள்ள வேண்டிய பாடமொன்று அவரது கதையில் இருக்கின்றது.

அச்சத்தின் வேர்

அத்தாய் ஏன் ஏழு ஆண்டுகள் வைத்தியரிடம் செல்லவில்லை? பணம் ஒரு காரணமன்று. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். இரண்டு காரணங்களை அவரே கூறினார். ஒன்று, படை இருந்த இடம். அதனை ஆண் வைத்தியரிடம் எவ்வாறு காட்டுவது என்ற கூச்சம். மற்றையது, காட்டினால் என்ன பெயர் சொல்வார்களோ என்ற பயம்.

பயத்துக்கு இப்பகுதியில் ஆழ்ந்த வேர் உண்டு. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவில் தொழுநோயாளருக்கென ஒரு வைத்தியசாலை இருந்ததை எமது மூத்தோர் அறிவர். தோணியில் ஏற்றி அங்கு கொண்டு செல்லப்பட்டோர் ஊர் திரும்பாத கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் எம்மோடு வாழ்கின்றது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சையினால், ஆறு மாதத்தில் அல்லது ஒரு வருடத்தில் தொழுநோயை முற்றாகக் குணப்படுத்தலாம். 1995இல் எமது நாடு, தேசிய மட்டத்தில் தொழுநோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்னும் நிலையை எட்டியது. ஆயினும் புதிய நோயாளர்கள் இன்றும் கண்டறியப்படுகின்றனர். நோயை விட அதன் பெயருக்கே மக்கள் கூடுதலாக அஞ்சுகின்றனர்.

வீரமுனை மக்கள் துன்பத்தை வெளியே சொல்லாது சுமக்கப் பழகியவர்கள். 1990 ஓகஸ்ட் 12ஆம் நாள், சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தோர் கொல்லப்பட்ட துயரத்தைக் கண்ட கிராமம் அது. இத்தகைய இழப்புகளைத் தாங்கிய ஒரு தாய்க்கு, தோலில் விழுந்த ஒரு வெளிறல் சிறு விடயமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அந்த வெளிறல் பேசத் தொடங்கியபோது, கேட்பதற்கு ஒருவருமில்லை.

நோயின் பெயர்

எமது பணியாளர் அவரைப் பெரிய வைத்தியசாலையொன்றின் தோல் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். வைத்தியர் படைகளில் உணர்ச்சி இருக்கின்றதா என்று முதலில் சோதித்தார். தொழுநோய்ப் படையில் பெரும்பாலும் தொடுகையுணர்வு குன்றியிருக்கும். இவருக்கு உணர்ச்சி முழுமையாக இருந்தது. அடுத்து, பூசி வந்த களிம்புகள் யாவற்றையும் சில வாரங்களுக்கு நிறுத்தும்படி கூறினார். பின்னர் தோலில் ஒரு சிறு துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முதற் பரிசோதனையில் முடிவு தெளிவாகவில்லை. சில மாதங்களின் பின் மீண்டும் எடுக்கப்பட்ட துண்டே உண்மையைக் காட்டியது.

மைக்கோசிஸ் பங்கோயிடிஸ் என்பது அந்நோயின் பெயர். தோலில் தோன்றும் லிம்போமா வகைகளுள் இதுவே மிகப் பரவலானது. லிம்போமா என்பது நிணநீர்க் கலங்களில் உண்டாகும் புற்றுநோய். எமது இரத்தத்திலுள்ள வெண்கலங்களில் ‘டி’ கலங்கள் என்றொரு வகை உண்டு. கிருமிகளை எதிர்த்துப் போராடும் காவற்படை அவை. அவற்றுட் சில தோலில் தங்கி, கட்டுப்பாடின்றி மெல்ல மெல்லப் பெருகுவதே இந்நோய்.

பெயரில் ‘பங்கஸ்’ எனும் ஒலி கேட்பதால் இது பூஞ்சணத்தால் வரும் நோயென எண்ணிவிடக் கூடாது. 1806இல் பிரான்சிய வைத்தியர் அலிபேர் இந்நோயை முதன்முதலில் விபரித்தார். முற்றிய நிலையில் ஒரு நோயாளரின் உடலில் தோன்றிய கட்டிகள் காளான்களைப் போலிருந்தமையால் இப்பெயர் ஏற்பட்டது. பூஞ்சணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது தொற்றாது. ஒரே பாயில் உறங்குவதாலோ, ஒரே கோப்பையில் அருந்துவதாலோ, ஒருவர் உடையை மற்றவர் அணிவதாலோ பரவாது.

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் அத்தாய் அழுதார். நாமும் கலங்கினோம். ஆனால் வைத்தியர் விளக்கிய விடயங்கள் எம்மைத் தேற்றின. இந்நோய் படை, தடிப்பு, கட்டி என மூன்று நிலைகளில் வளரக் கூடியது. அவ்வளர்ச்சிக்குப் பொதுவாகப் பல ஆண்டுகள் செல்லும். மிகப் பலருக்கு அது முதல் நிலையைத் தாண்டுவதே இல்லை. விரல்களுடன் சேர்ந்த ஒருவரது உள்ளங்கை, அவரது உடற்பரப்பில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்காகும். படைகள் யாவும் சேர்ந்து பத்து உள்ளங்கைக்குக் குறைவாயிருந்து, நிணநீர்க் கணுக்களிலோ இரத்தத்திலோ நோய் பரவாதிருப்பின், அது ஆரம்பத்திலும் ஆரம்ப நிலை. அந்நிலையில் உரிய சிகிச்சை பெறுவோரின் ஆயுட்காலம் அதே வயதுடைய ஏனையோரின் ஆயுட்காலத்தை ஒத்ததே என்பதை நீண்டகால ஆய்வுகள் காட்டியுள்ளன.

புற்றுநோய்க்குப் பூசுமருந்தா?

வைத்தியர் எழுதிக் கொடுத்த சிகிச்சை எமக்கு வியப்பளித்தது. சத்திரசிகிச்சை இல்லை; மயிர் கொட்டச் செய்யும் ஊசிமருந்தும் இல்லை. குளோபெற்றசோல் எனும் வீரியம் மிகுந்த ஸ்டீரொயிட் களிம்பு, அதனோடு ஒளிச் சிகிச்சை, அவ்வளவே. புற்றுநோய்க்கு இவ்வளவு எளிய மருந்து போதுமா என நாம் கேட்டோம்.

இக்கேள்வியை மருத்துவ உலகமும் கேட்டு விடை கண்டிருக்கின்றது. 1989இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் இந்நோயுடைய 103 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குத் தோல் முழுவதற்குமான கதிர்ச் சிகிச்சையும் பல மருந்துகள் கொண்ட இரசாயனச் சிகிச்சையும் தொடக்கத்திலேயே அளிக்கப்பட்டன. மற்றைய பிரிவினருக்குப் பூசுமருந்திலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் சிகிச்சை வழங்கப்பட்டது. கடுஞ்சிகிச்சை பெற்றோர் கூடிய பக்கவிளைவுகளுக்கு ஆளாகினர். ஆனால் கூடுதல் காலம் வாழவில்லை. ஆரம்ப நிலையில் நோய்க் கலங்கள் தோலிலேயே குடியிருக்கின்றன. எனவே தோலுக்கு மருந்திடுவதே தக்க வழியாகின்றது. வரப்பிலுள்ள களையை அழிக்க வயல் முழுவதற்கும் நஞ்சு தெளிக்க வேண்டியதில்லை.

இதற்கெனப் பயன்படும் பூசுமருந்துகள் சிலவற்றை வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று.

முதலாவது, ஸ்டீரொயிட் களிம்பு. 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் ஆரம்ப நிலைப் படைகளுடைய 79 பேருக்கு இது மட்டுமே கொடுக்கப்பட்டது. படைகள் உடலில் பத்திலொரு பங்குக்குக் குறைவாயிருந்தோரில் நூற்றுக்கு 63 பேருக்கு அவை முற்றாக மறைந்தன. மேலும் 31 பேருக்குப் பெருமளவு குறைந்தன. மலிவானதும் எங்கும் கிடைப்பதுமான மருந்து இது. எனினும் நிறுத்திய பின் படைகள் மீண்டும் தோன்றலாம். ஆகவே தொடர்ந்த கண்காணிப்பு அவசியம்.

இரண்டாவது, நைதரசன் மஸ்டர்ட் எனும் மருந்து. இதன் வரலாறு விசித்திரமானது. முதலாம் உலகப் போரில் வீரர்களின் தோலையும் நுரையீரலையும் எரித்த மஸ்டர்ட் வாயுவின் உறவுப் பொருள் இது. அவ்வாயு வெண்கலங்களை அழிப்பதை அவதானித்த ஆய்வாளர்கள், 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இதனை லிம்போமா நோயாளர் ஒருவருக்கு ஊசிமூலம் ஏற்றினர். 1959இல் தோலில் பூசும் முறை பதிவாகியது. கொல்வதற்குச் செய்யப்பட்ட பொருளின் உறவு, நோயாளரின் தோலைக் காக்கும் மருந்தாகியது. 260 பேர் கலந்துகொண்ட ஆய்வொன்றின் பின், 2013இல் இதன் ஜெல் வடிவத்துக்கு அமெரிக்கா அனுமதி வழங்கியது. ஜெல் பூசியோரில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் படைகள் பெருமளவு குறைந்தன. தோல் சிவத்தல், எரிதல் என்பன இதன் பிரதான தொல்லைகள். கர்ப்பிணிகள் இதனைத் தொடலாகாது. நோயாளருக்குப் பூசிவிடுபவர் கையுறை அணிய வேண்டும். விலையும் மிக அதிகம்.

மூன்றாவது, பெக்சரோட்டின் எனும் ஜெல். விற்றமின் ‘ஏ’யின் உறவான இது அமெரிக்காவில் 2000இல் அனுமதி பெற்றது. இதற்கும் விலை அதிகமே.

பூசுமருந்தோடு இணைந்து நிற்பது ஒளிச் சிகிச்சை. ஊதாக் கடந்த கதிர்களுள் தெரிந்தெடுத்த பகுதியொன்றை, வாரத்தில் இரண்டு மூன்று தடவை, அளவறிந்து உடலில் படச் செய்வர். இதன் பழைய வடிவத்தில் எமது மண்ணுக்கும் ஒரு தொடர்புண்டு. நாட்டு வைத்தியத்தில் வெண்படைகளுக்குக் கார்போகரிசியைப் பயன்படுத்துவதைப் பரிசாரிமார் அறிவர். அவ்விதையில் சோரலென் எனும் பொருள் இருக்கின்றது. நைல் நதிக்கரையில் வளரும் வேறொரு செடியிலும் அதே வகைப் பொருள் உண்டு. சோரலெனைக் கொடுத்துப் பின்னர் கதிர்படச் செய்யும் முறையை 1976இல் அமெரிக்க வைத்தியர்கள் இந்நோய்க்குப் பயன்படுத்தி வெற்றி கண்டனர். ஆயினும் கார்போகரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்க எவரும் முற்படலாகாது. அளவு தெரியாத ஒளி தோலைக் கொப்புளிக்கச் செய்யும். மருத்துவமனைக் கருவியின் சிறப்பே அதன் அளவில்தான் தங்கியிருக்கின்றது.

தாயின் கேள்வி

சிகிச்சை தொடங்கிச் சில மாதங்களின் பின் அத்தாயை மீண்டும் சந்தித்தோம். படைகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. அவரது முகத்தில் தெளிவிருந்தது. ஆனால் மனதில் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது.

“ஏழு வருசமா நான் பூசினதும் இதே வகை மருந்துதானாம், ஃபாதர். பழைய ரியூப்பெல்லாம் டொக்டர்ட்டக் காட்டினன். அப்ப அது ஏன் சுகமாக்கல்ல? இப்ப மட்டும் ஏன் சுகமாக்குது?”

இதனை விடச் சிறந்த கேள்வியை ஒரு மருத்துவ மாணவன்கூடக் கேட்டிருக்க முடியாது. அவர் வாங்கிய களிம்புகளில் ஸ்டீரொயிட் கலந்திருந்தது உண்மை. ஆனால் அதன் வீரியம் போதாது. நாலு நாள் பூசுவார். படை மங்கியதும் நிறுத்துவார். நோயை அடக்குவதற்கு அது போதவில்லை. நோயை மறைப்பதற்கு மட்டும் போதுமானதாயிருந்தது. ஸ்டீரொயிட் பூசிய தோலில் நோய்க் கலங்கள் தற்காலிகமாகக் குறைந்துவிடும். அவ்வேளையில் தோல் துண்டை எடுத்துப் பார்த்தாலும் நுணுக்குக்காட்டிக்கு உண்மை புலப்படாது போகலாம். பரிசோதனைக்கு முன் களிம்பை நிறுத்தும்படி வைத்தியர் கூறியது இதனாலேயே. பெயர் தெரியாத நோய்க்குப் பூசும்போது அதே களிம்பு திரையாகின்றது. நோயின் பெயரறிந்து, வீரியமறிந்து, அளவும் காலமும் குறித்துப் பூசும்போது அதுவே மருந்தாகின்றது.

அளவென்பது வெறுஞ் சொல்லன்று. ரியூப்பிலிருந்து சுட்டுவிரலின் நுனி மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரைக் கிராம். இரண்டு உள்ளங்கை அளவான தோலுக்கு அது போதும். அத்தாய்க்கு இக்கணக்கைத் தாதி கற்றுக் கொடுத்தார். எழுத வாசிக்கச் சிரமப்படும் அவர், இன்று அதனைப் பிழையின்றிச் செய்கின்றார்.

முறையின்றிப் பூசும் ஸ்டீரொயிட் வேறு கேடுகளையும் விளைவிக்கும். தோல் மெலியும், வரிகள் விழும். பூஞ்சணத்தால் வரும் படர்தாமரையில் பூசினால் முதலில் அரிப்பு அடங்கும். பின்னர் படை உருமாறி உடலெங்கும் படரும். பரந்த இடத்தில் நீண்டகாலம் பூசினால் மருந்து இரத்தத்திலும் கலக்கும். முகத்தை வெளுக்கச் செய்வதாகக் கூறி விற்கப்படும் கிறீம்கள் சிலவற்றிலும் இம்மருந்து ஒளிந்திருப்பதுண்டு. மணப்பெண்ணின் அழகுக்கென வாங்கிய கிறீமினால் முகம் சிவந்து பருக்கள் மூடிய பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம்.

எவரெவர் கவனிக்க வேண்டும்?

எல்லாத் தேமலும் புற்றுநோயல்ல என்பதை அழுத்திக் கூற விரும்புகின்றோம். இந்நோய் மிக அரிதானது. அமெரிக்கக் கணக்கின்படி தோலில் தோன்றும் ‘டி’ கல லிம்போமா அனைத்தும் சேர்ந்தே ஆண்டொன்றில் பத்து இலட்சம் பேரில் பத்துப் பேருக்கும் குறைவானோருக்கே புதிதாகக் காணப்படுகின்றது. வீணாக எவரும் அஞ்ச வேண்டியதில்லை. எனினும் பின்வரும் அடையாளங்கள் இருப்பின் வைத்தியரிடம் காட்டுதல் அவசியம்.

ஒன்று: ஆறு மாதத்துக்கு மேலாக நீடிக்கும் படை, அல்லது களிம்பு பூசும்போது மறைந்து, நிறுத்தியதும் அதே இடத்தில் மீண்டும் வரும் படை.

இரண்டு: வெயில் படாத இடங்களில் தோன்றும் படை. இடுப்பு, புட்டம், தொடை, மார்பு, அடிவயிறு என உடையால் மறைபடும் இடங்களையே இந்நோய் பெரிதும் நாடும்.

மூன்று: வெளிறிய நிறம். வெள்ளையர் தோலில் இந்நோய் சிவந்து தெரியும் என நூல்கள் கூறும். எம்மைப் போன்ற கருநிறத் தோலில், குறிப்பாகச் சிறுவரிடத்தும் இளைஞரிடத்தும், அது வெளிறிய படையாகவே தோன்றுவதுண்டு. ஆகையால் தேமலென்றும் வெண்குட்டமென்றும் தொழுநோயென்றும் மாறி மாறிப் பெயர் சூட்டப்படுகின்றது.

நான்கு: படையில் உணர்ச்சி குன்றியிருத்தல். இது தொழுநோயின் அடையாளம். அதற்கும் அச்சமின்றிச் செல்லுங்கள். அது குணமாகும் நோய், மருந்தும் இலவசம்.

கிராமம் செய்யக்கூடியவை

வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பெண்கள் இதனைத் தயங்காது கூறலாம். பிரதேசத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் வழி கேட்கலாம். கல்முனை, சம்மாந்துறை ஆதார வைத்தியசாலைகளில் காட்டி, தோல் சிகிச்சை நிபுணரிடம் அனுப்பும்படி கடிதம் பெறலாம். பரிசோதனையின்போது பெண் வைத்தியரையோ, துணைக்கொரு தாதியையோ கேட்பது குற்றமன்று. வீரமுனைத் தாய்க்கும் மருதமுனையில் தறியில் அமரும் சகோதரிக்கும் இவ்விடயத்தில் ஒரே கூச்சம், ஒரே தேவை. கோயிற் பரிபாலன சபையினரும் பள்ளிவாசல் நிருவாகத்தினரும் பங்குச் சபையினரும் மாதர் கூட்டங்களில் இதனைப் பேச இடமளித்தால் அக்கூச்சம் குறையும்.

கிளினிக்குக்குச் செல்லும்போது இதுவரை பூசிய களிம்புகள் அனைத்தின் ரியூப்பையும் பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். எறிந்துவிட்டு வெறுங்கையுடன் போகாதீர்கள். முதற் பரிசோதனையில் முடிவு தெரியாவிட்டால் வைத்தியரைக் குறை கூறி வேறிடம் ஓடாதீர்கள். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் தோல் எடுக்க நேர்வது இந்நோயின் இயல்பு. படை மறைந்த பின்னரும் கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள்.

மருந்துக்கடை நடத்தும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். வறியவர் ஒருவர் வந்து ‘தேமலுக்கு ஏதும் தாங்க’ எனக் கேட்கும்போது, எத்தனை நாளாக இருக்கின்றது என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். மாதக்கணக்கென்றால் வைத்தியரிடம் அனுப்புங்கள். ஒரு ரியூப்பின் இலாபத்தை விட ஒரு மனிதரின் ஏழு ஆண்டுகள் பெறுமதி கூடியவை.

ஒளிச் சிகிச்சைக்காக வாரத்தில் இரு முறை பஸ் ஏறுவது கூலித் தொழிலாளிக்கு இரு நாட் கூலியை இழப்பதாகும். அத்தாய்க்குச் சேமிப்புக் குழுவினரே முறைவைத்துத் துணை சென்றனர். பஸ் கட்டணத்தையும் குழு நிதியிலிருந்து கொடுத்தனர். நோயின் பெயரை அவர்களுக்கு அவரே சொன்னார். எவரும் விலகிச் செல்லவில்லை.

சென்ற அறுவடையின்போது அவரை வயலில் கண்டோம். வெட்டிய கதிரைக் கட்டிக்கொண்டிருந்தவர் எம்மைக் கண்டதும் நிமிர்ந்து சிரித்தார். “பெருவியாதி இல்ல ஃபாதர், இது சின்ன வியாதி. நான்தான் ஒளிச்சு ஒளிச்சுப் பெருசாக்கினேன்” என்றார். அருகில் நின்ற பெண்களும் அவரோடு சேர்ந்து சிரித்தனர். கதிர்க் கட்டை ஒருவர் தூக்கிவிட, அவர் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பில் நடந்தார்.